மாலையைக் கழற்றிய மறுநாள்

(உலகப் புகையிலை எதிர்ப்பு நாளை ஒட்டிக் கோவையில் நெஞ்சக மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புகைத்தால் என்ன வரும் என்று இன்றைக்கு நான் சொல்லப் போவதில்லை. சிகரெட் பாக்கெட்டின் 85 சதவீத இடத்தில் 2016 முதல் படம் போட்டே காட்டுகிறார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பற்ற வைப்பவருக்கு நான் வேறு மேடையேறிப் பயம் காட்ட வேண்டியதில்லை. எப்படி விடுவது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். என்னென்ன வழி இருக்கிறது, எது எவ்வளவு தூரம் கை கொடுக்கும், எது பாதியில் விட்டுவிடும் என்பதைப் பேசலாம்.

முதலில் ஒரு கேள்வி. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? நிறையக் கைகள் தெரிகின்றன. விரத நாட்களில் பீடி சிகரெட்டைத் தொடாமல் இருந்தவர்கள் கையை அப்படியே வைத்திருங்கள். சரி, மாலையைக் கழற்றிய பிறகும் தொடாதவர்கள் மட்டும் வையுங்கள் பார்க்கலாம். மளமளவென்று இறங்குகிறதுங்களே!

இறங்கிய அந்தக் கைகளைப் பற்றித்தான் என் பேச்சு. விட முடியவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பலர் வருஷா வருஷம் விடுகிறவர்கள். அவர்களுக்கு விடத் தெரியும். விட்ட பிறகு வரும் நாட்களுக்குத்தான் யாரும் ஏற்பாடு செய்து தரவில்லை. நான் சொல்லப்போகும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பாருங்கள்: மாலை கழற்றிய மறுநாள் இது கூட நிற்குமா?

மாலை செய்யும் வேலை

மாலை போட்டவுடன் என்ன நடக்கிறது? ஒரு தேதி குறிக்கப்படுகிறது. அந்தத் தேதி ஊருக்கே தெரிகிறது. கறுப்போ நீலமோ காவியோ கட்டியவரைப் பார்த்ததும் கடைக்காரரே "சாமி, டீயா?" என்று கேட்கிறார், சிகரெட் வேண்டுமா என்று கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலை குளியல். சாயந்திரம் பேக்கரி வாசலில் நின்றவர் இப்போது பஜனையில் உட்காருகிறார். தடுமாறினால் கேட்க குருசாமி இருக்கிறார். கூட நாலு பேர் அதே விரதத்தில் இருக்கிறார்கள்.

புகை நிறுத்தும் ஆலோசனை என்று உலகமெங்கும் மருத்துவர்கள் சொல்லிக்கொடுப்பது ஏறக்குறைய இதே பட்டியல்தான். நாள் குறி, நாலு பேரிடம் சொல், பழைய இடத்தைத் தவிர், கைக்கும் வாய்க்கும் வேறு வேலை கொடு, பேச ஓர் ஆளை வைத்துக்கொள். 41 நாள் விரதத்தில் இவை அத்தனையும் காசு செலவில்லாமல் கிடைத்துவிடுகின்றன.

உடம்பின் கணக்கையும் பாருங்கள். ரத்தத்தில் இருக்கும் நிகோடின் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் பாதியாகக் குறையும். நிறுத்தினால் முதல் வாரம்தான் கடுமை. எரிச்சல், தூக்கமின்மை, பசி, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் வரும். 3, 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியென்றால் 41-ம் நாள் மலையிலிருந்து இறங்கும்போது உடம்பு நிகோடினுக்காகத் தவித்துக்கொண்டிருக்கவில்லை. கடினமான பாதி முடிந்துவிட்டது.

பிறகு ஏன் திரும்பப் பிடிக்கிறோம்? ஊர் திரும்பி, தேங்காய் உடைத்து, மாலையைக் கழற்றி, மறுநாள் அதே பேக்கரிக்குப் போகிறோம். கண்ணாடி டம்ளரில் டீ வருகிறது. கடைத் தூணில் சரட்டில் கட்டிய லைட்டர் தொங்குகிறது. பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளை, "அதான் கழட்டியாச்சல்ல, ஒரு தம் போடு" என்கிறார். இத்தனை நாளும் இந்த இடத்தில் 'முடியாது' என்று நமக்குப் பதிலாகச் சொன்னது கழுத்தில் கிடந்த மாலை. இப்போது நாமே வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை நாம் பழகியிருக்கவில்லை.

விரதத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதற்கு முடிவு நாள் இருக்கிறது. '41 நாள்தானே' என்ற நினைப்பில் தாக்குப்பிடிப்பவர் 42-ம் நாளை மனசுக்குள் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்.

ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

"டாக்டர், நாளைக்கு ஒண்ணு ஒண்ணாக் கொறைச்சுக்கிறனுங்க" என்பதுதான் நான் அதிகம் கேட்ட வாக்குறுதி. கேட்க நன்றாக இருக்கும். இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். 697 பேரில் ஒரு பாதி குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். மறு பாதி இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். இரு பக்கத்துக்கும் ஆலோசனையும் நிகோடின் மருந்தும் உண்டு. 4 வாரம் கழித்துப் பார்த்தால், ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேர் தாக்குப்பிடித்திருந்தார்கள். குறைத்து விட்டவர்களில் 39 சதவீதம். ஆறு மாதத்தில் அது 22-க்கு 15.5 ஆனது.

ஒரேயடியாக விடுவதுதான் மேல் என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் 49 எங்கே, 22 எங்கே என்பதையும் கவனியுங்கள். முதல் மாதத்தைத் தாண்டியவர்களிலேயே பாதிப் பேரை அடுத்த ஐந்து மாதம் வாங்கிவிட்டது. ஆலோசனையும் மருந்தும் கிடைத்தவர்களுக்கே இந்தக் கதி. எந்தத் துணையும் இல்லாமல் வைராக்கியத்தில் மட்டும் விடுபவர்களில் ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்தும் விட்ட நிலையில் இருப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். நம் நாட்டில் விட முயல்பவர்களில் பெரும்பாலோர் போவது இந்த வழியில்தான். அவர்களிடம் மன உறுதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெறுங்கையோடு போகிறார்கள்.

குறைத்தாலே போதும் என்பவர்களுக்கும் ஒரு சொல். நாளுக்கு ஒன்றே ஒன்று பிடித்தால் ஆபத்து இருபதில் ஒரு பங்குதானே என்று தோன்றும். இதயம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. நாளுக்கு 20 பிடிப்பவருக்கு மாரடைப்பு நோயில் கூடும் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் கண்டார்கள்.

மருந்துக் கடையில் கிடைப்பது

நிகோடின் சூயிங் கம் பலருக்குத் தெரியும். "வாங்கித் தின்னு பார்த்தனுங்க, நெஞ்செரிச்சல்தான் மிச்சம்" என்பார்கள். பபிள் கம் மாதிரி கடகடவென்று மென்றால் அப்படித்தான் ஆகும். நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். அங்கே அதனால் பயன் குறைவு, விக்கலும் எரிச்சலும்தான் வரும்.

முறை இதுதான். மெதுவாக மெல்ல வேண்டும். காரமும் சுரசுரப்பும் தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுரசுரப்பு போனதும் மறுபடி இரண்டு மெல்லு, இந்த முறை மறு கன்னத்தில் ஒதுக்கு. ஒரு கம் அரை மணி நேரம் வரும். மெல்லுவதற்குக் கால் மணி முன்பிருந்து டீ, காபி, சோடா கூடாது. புளிப்புள்ள பானம் வாயில் இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவு உண்டு. எழுந்து அரை மணிக்குள் முதல் பீடியைப் பற்ற வைப்பவருக்கு 2 பத்தாது. 'கம் வேலை செய்யலை' என்பவர்களில் பலர் குறைந்த அளவை, தவறாக மென்று, பத்தே நாளில் விட்டவர்கள். ஏறக்குறைய மூன்று மாதம் எடுத்து, மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து அது. தோலில் ஒட்டும் பட்டையும் இருக்கிறது. பட்டை நாள் முழுவதுக்கும், கம் திடீர் ஆசைக்கும் என்று இரண்டையும் சேர்த்தால் ஒன்றைவிடப் பலன் கூடுதல்.

"அதுவும் நிகோடின்தானே?" என்று கேட்பீர்கள். ஆமாங்க. ஆனால் உடம்பை அதிகம் கெடுப்பது தாரும் கரியமில வாயுவை விடக் கொடிய கார்பன் மோனாக்சைடும். அவை புகையில் வருபவை, கம்மில் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே நிகோடின் மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டுப் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது.

மாத்திரையில் வரெனிக்லின், பியூப்ரோபியான் என்று இரண்டு. இவற்றை மருத்துவர் எழுதித்தான் எடுக்க வேண்டும். வலிப்பு உள்ளவருக்குப் பியூப்ரோபியான் ஆகாது. மனநிலை கெடும் என்ற பயம் ரொம்ப நாள் இருந்தது. 8,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2016-ல் வெளியானது. அந்த அபாயம் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்றும், வரெனிக்லின் பியூப்ரோபியானையும் நிகோடின் பட்டையையும்விட அதிகம் உதவுகிறது என்றும் அதில் தெரிந்தது.

மருந்து உடம்பின் தவிப்பைத் தணிக்கும். பேக்கரி வாசலில் மாப்பிள்ளைக்குப் பதில் சொல்லாது. அதற்குப் பேச்சுத் துணை வேண்டும். 1800 11 2356 என்ற இலவச எண் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையத்திலிருந்து தமிழிலும் பேசுகிறார்கள். நாள் குறிக்க வைத்து, பிறகு அவர்களே திரும்ப அழைத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். மறுநாளுக்குத் துணை வேண்டும் என்றேனே, அது இந்தத் திரும்ப அழைப்பில் கிடைக்கிறது.

பணமும் பங்காளியும்

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் ஒரு வங்கியோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். விட நினைப்பவர் தன் சொந்தப் பணத்தை ஆறு மாதம் கணக்கில் போட்டு வர வேண்டும். ஆறாம் மாதம் சிறுநீர் சோதனை. நிகோடின் இல்லையென்றால் பணம் திரும்பும். இருந்தால் தர்மத்துக்குப் போய்விடும். கூப்பிட்டவர்களில் பத்தில் ஒருவர்தான் சேர்ந்தார். அப்படியிருந்தும், கூப்பிடப்பட்ட மொத்தக் கூட்டத்திலும் விட்டவர்கள் எண்ணிக்கை 3 சதவீதப் புள்ளி கூடியது. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் 878 ஊழியர்களை வைத்துப் பார்த்தபோது, விட்டால் பரிசு என்று சொன்ன பக்கத்தில் ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து 14.7 சதவீதம், சொல்லாத பக்கத்தில் 5 சதவீதம்.

சீட்டுக் கட்டாத வீடு நம் ஊரில் உண்டுங்களா? விட்டால்தான் திரும்பத் தர வேண்டும் என்று சொல்லி, மாதம் ஒரு தொகையை ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மாமனிடம் கொடுக்காதீர்கள், பாவம் பார்த்துத் திருப்பித் தந்துவிடுவார். பங்காளியிடம் கொடுங்கள். ஒரு பைசா விட மாட்டார்!

மாற்று என்று வருபவை

புகையை விட்டு ஹான்ஸ், கூல் லிப் என்று புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்குபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒளித்து விற்றாலும் கிடைக்கத்தான் செய்கிறது. அது விடுவது ஆகாது. நெஞ்சிலிருந்து வாய்க்கு ஆபத்தை மாற்றுகிறோம், அவ்வளவுதான். வெற்றிலையோடு போயிலை போடும் ஆத்தாக்களுக்கும் இது பொருந்தும். பவானி, ஈரோட்டுப் பக்கக் கிணற்றுப் பாசனத்தில் விளைந்து, கும்பெனி காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மலபாருக்குப் போன சரக்கு புகையிலை. நம் மண்ணில் விளைந்தது என்பதால் நம் வாயை அது விட்டுவைக்காது.

மின் சிகரெட்டைப் பற்றித் தம்பிகள் கேட்பார்கள். இங்கிலாந்தில் புகையை விடுவதற்கு அதைச் சிபாரிசு செய்கிறார்கள், உண்மைதான். இந்தியாவில் 2019 சட்டப்படி அதன் விற்பனைக்கே தடை. திருட்டுத்தனமாக வருவதில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. கையில் நல்ல மருந்து இருக்கும்போது அதற்குப் போக வேண்டாம்.

"பீடி இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லையே" என்பதும் தப்பு. அணையாமல் இருக்க பீடியை அடிக்கடி இழுக்க வேண்டும். பீடி பிடிப்பவர்களின் கால் ரத்தக் குழாய் அடைத்து, விரல் கறுத்து, அறுவையில் போவதை நம் மருத்துவமனைகளில் பார்க்கிறோம். அந்த நோய்க்குப் புகையை முழுக்க விடுவதுதான் முதல் மருந்து. பெருந்துறை சானடோரியம் என்றாலே காசநோய் என்று அறிந்த தலைமுறை இங்கே இருக்கிறது. டாக்டர் வேந்தன் கஜலட்சுமி குழுவினர் சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் 43,000 ஆண்களின் சாவை ஆராய்ந்து 2003-ல் எழுதினார்கள். நம் நாட்டில் காசநோயால் சாகும் ஆண்களில் ஏறக்குறைய பாதிச் சாவுக்குப் புகைப்பது காரணம் என்றார்கள். இருமலோடு மருந்து சாப்பிடுகிறவருக்கு பீடியை விடுவதும் வைத்தியத்தில் ஒரு பகுதி.

நைட் ஷிஃப்டில் ஒருவர்

சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர். பேரும் ஊரும் வேண்டாம்.

"ஏனுங்க, ராத்திரிக்கு எத்தனை பிடிப்பீங்க?"

"ஒரு கட்டு தீந்துருமுங்க."

"எப்பெப்ப?"

"அப்பிடிக் கணக்கில்லீங்க. பிடிக்கோணும்னு தோணுனாப் பிடிக்கறது."

கட்டின் மேல் ஒரு தாளைச் சுற்றி, ஒவ்வொன்றை எடுக்கும்போதும் மணியையும் காரணத்தையும் எழுதச் சொன்னேன். ஒரு வாரத்தில் தாள் கசங்கிப்போய் வந்தது. படித்தால், ஆசை என்று எழுதியவை கொஞ்சம்தான். 'பாவு பிணைக்கிறாங்க, சும்மா இருந்தேன்.' 'தூக்கம்.' 'கரண்ட் போச்சு.' 'ஓனர் ஏசுனாரு.' 'டீ.' அவருக்கே ஆச்சரியம். காலையில் எழுதியிருந்தது மட்டும் எல்லா நாளும் ஒன்றே: 'வவுறு போகோணும்.'

வைத்தியம் அந்தத் தாளிலேயே இருந்தது. காலையில் இரண்டு டம்ளர் சுடுதண்ணீர், ராத்திரி கொய்யாவோ வாழைப்பழமோ. விட்ட முதல் வாரங்களில் மலச்சிக்கல் வரும், பிறகு சரியாகும். பாவு பிணைக்கும் நேரத்துக்குச் சட்டைப் பையில் கடலை. தூக்கம் வரும் ரெண்டு மணிக்கு கம். டீக்கு வெளியே போகாமல் தறிக்கூடத்துக்கே வாங்கி வரச் சொன்னோம், அதையும் பாதியாகக் குறைத்தோம். புகை ஈரலைத் தூண்டி, காபி டீயில் இருக்கும் கஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கும். புகையை நிறுத்தியவர் பழைய அளவிலேயே டீ குடித்தால் கஃபீன் ரத்தத்தில் கூடிப்போய்ப் படபடக்கும், தூக்கம் கெடும். அதைப் பீடிக்கு ஏங்குவதாக நினைத்துக்கொள்வார்.

ஓனர் ஏசுவதற்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை என்றேன். சிரித்தார். ஆனால் அதற்கும் ஒன்று சொன்னேன்: ஆசை எழுந்து அடங்க ஏறக்குறைய ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்துக்கு நடக்கலாம், முகம் கழுவலாம், வீட்டுக்குப் போன் போடலாம்.

நடுவில் ஒரு கல்யாண வீட்டில் ஒன்று பிடித்துவிட்டு, "எல்லாம் போச்சுங்க" என்று வந்தார். விரதத்தில் ஒன்று பிடித்தால் விரதம் கெட்டது. அது அங்கே சரி. இங்கே அந்தக் கணக்கு ஆகாது. ஒன்று பிடித்தவர் "அதான் போச்சே" என்று கட்டு வாங்கினால்தான் தோல்வி. ஒன்றோடு நிறுத்தி, எங்கே வழுக்கியது என்று பார்த்து, மறுநாள் தொடர்ந்தால் விட்டவர் கணக்கிலேயே இருக்கிறார். அதைச் சொல்ல அவருக்கு ஆள் இருந்தது. அதனால் அவர் இப்போதும் விட்டிருக்கிறார்.

கேட்டுக்கொள்வது

அம்மிணிகளுக்கு: முதல் இரண்டு வாரம் வீட்டுக்காரர் எரிந்து விழுவார். "இதுக்குப் பீடியே பிடிச்சிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இருமல் கொஞ்சம் கூடும், வாயில் புண் வரும், ஒரு வருஷத்தில் நாலைந்து கிலோ எடையும் ஏறலாம். பயப்பட வேண்டாம்.

வயசாகிவிட்டது, இனி விட்டு என்ன என்பவர்களுக்கு: பிரிட்டன் மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த கணக்கு 2004-ல் வந்தது. 30 வயதில் விட்டால் ஏறக்குறைய 10 வருஷ ஆயுள் மிச்சம், 40-ல் 9, 50-ல் 6. 60-ல் விட்டாலும் 3. பேரன் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க மூன்று வருஷம் போதாதுங்களா?

பேக்கரிக்காரர்களுக்கு: பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் இருக்கிறது. அபராதம் 200 ரூபாய் வரை. அபராதம் போடுகிறவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தூணில் தொங்கும் லைட்டரை அவிழ்த்துவிடுங்கள். டீ குடிக்க வந்த பாதிப் பேருக்குப் பற்ற வைக்கும் எண்ணமே வராது.

கடைசியாக குருசாமிகளுக்கும் பாதயாத்திரைக் குழுத் தலைவர்களுக்கும். எங்கள் கிளினிக்குக்கு வராதவர்கள் உங்கள் பேச்சைக் கேட்கிறார்கள். ஒரு மண்டலம் அவர்களை விட வைக்கிறீர்கள். நாங்கள் மருந்து கொடுத்தும் அவ்வளவு பேரை அவ்வளவு நாள் நிறுத்த முடிவதில்லை. மாலையைக் கழற்றும் அன்று இன்னொன்றும் செய்யுங்கள். பிரசாதம் கொடுத்து அனுப்பும்போது, "பீடியை விட்டது அப்படியே இருக்கட்டும், தைப்பூசம் வரைக்கும் வாரா வாரம் கூடுவோம்" என்று சொல்லுங்கள். தைப்பூசத்தில் நடந்தவர்களைப் பங்குனி உத்திரம் வரை கூட்டுங்கள். வழுக்கியவரைத் திட்டாமல் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து வேண்டுபவரை எங்களிடம் அனுப்புங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கார்த்திகைக்கு இன்னும் பல மாசம் இருக்கிறது என்று காத்திருக்கவும் வேண்டாமுங்க. நாளை மறுநாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும் முன் அந்தத் தேதியைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லுங்கள், அவர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு மாதம் கழித்து அழைக்கச் சொல்லுங்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள், நான் இங்கேயேதான் இருக்கிறேன்.